செலாவணியும் சிந்தனையும்: அரசுக் கூற்றுகள் பற்றிய ஒரு நோக்கு

அரசுகள் தமது வர்த்தகக் கொள்கையை விளக்கும்போது பொருளியலின் மொழியிலே பேசுகின்றன; தணிக்கையை நியாயப்படுத்தும்போது பாதுகாப்பு, ஒழுக்கம் என்பவற்றின் மொழியிலே பேசுகின்றன. இவை வெவ்வேறானவை போலத் தோன்றினும், பத்திரிகை, சஞ்சிகை, நூல் ஆகியவற்றைப் பொறுத்தவரை ஒன்றோடொன்று பின்னியே கிடக்கின்றன. காகிதம் ஒரு பண்டம். அதன்மேல் அச்சாவது கருத்து. பண்டத்தைக் கட்டுப்படுத்துவோர் கருத்தைக் கட்டுப்படுத்தும் வாய்ப்பினையும் பெற்றுவிடுகின்றனர்.

இந்தியாவின் 1972-73 ஆம் ஆண்டுப் பத்திரிகைக் காகிதக் கொள்கை இதற்குத் தக்கதோர் உதாரணமாகும். அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு, பெரும் பத்திரிகை முதலாளிகளின் ஏகபோகத்தைத் தளர்த்திச் சிறு பத்திரிகைகளை வளர்த்தல் என்பன அங்கு கூறப்பட்ட காரணங்கள். இவை வெறும் பொய்களல்ல. ஆயின், பத்திரிகைகள் பத்துப் பக்கங்களுக்கு மேற்படலாகாது என அக்கொள்கை விதித்தது. தனக்கு ஒதுக்கப்பட்ட காகிதத்துக்குள்ளேயே பிரதிகளைக் குறைத்துப் பக்கங்களைக் கூட்டவும் ஒரு பத்திரிகைக்கு இடமிருக்கவில்லை. ஒதுக்கீட்டின் அளவு மாறாதிருக்கையில் பக்கங்களை எண்ணுவதனால் ஒரு சதமேனும் செலாவணி மிஞ்சப் போவதில்லை. கூறப்பட்ட காரணத்துக்கும் இயற்றப்பட்ட விதிக்கும் இடையிலுள்ள இவ்விடைவெளியிலேதான் உள்நோக்கம் புலப்படுகின்றது. 1972 ஒக்டோபரில், பென்னற் கோல்மன் வழக்கில், இந்திய உச்ச நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பினால் இவ்விதிகளைச் செல்லாதவையாக்கியது. காகிதக் கட்டுப்பாடு என்ற பெயரில் நிகழ்வது பத்திரிகைக் கட்டுப்பாடே என்பது அத்தீர்ப்பின் சாரம். பல்வேறு கருத்துகளையும் அறியும் உரிமை மக்களுக்கு உண்டென்ற அடிப்படையில் நீதியரசர் மத்தியூ மாறுபட்டமையும் எளிதில் ஒதுக்கற்பாலதன்று. எனினும், 1975 யூனில் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டபோது செலாவணி என்ற போர்வை வேண்டப்படவில்லை. தணிக்கை நேரடியாகவே வந்தது.

இலங்கையின் அனுபவம் இன்னும் சிக்கலானது. 1970 இல் ஆட்சியமைத்த ஐக்கிய முன்னணி அரசின் காலத்தில் தென்னிந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. செலாவணி நெருக்கடி உண்மையானதே. தென்னிந்திய வணிகச் சஞ்சிகைகளின் பெருக்கத்தை ஈழத்து எழுத்தாளர் பலர் முன்னரே எதிர்த்து வந்தமையும் மறக்கற்பாலதன்று. வெங்காயமும் மிளகாயும் பயிரிட்ட யாழ்ப்பாணத்துக் கமக்காரர் அக்காலத்திற் பெற்ற பாதுகாப்பினை ஒத்ததொன்றை எழுத்தாளரும் பெற்றனர். வீரகேசரிப் பிரசுரங்களாக ஈழத்து நாவல்கள் வாசகரிடம் பரவலாகச் சென்றமை இச்சூழலிலேதான். ஆனால் அதே அரசுதான் 1973 இல் பத்திரிகைச் சபைச் சட்டத்தை இயற்றிற்று. அதே ஆண்டில் ஏரிக்கரைப் பத்திரிகை நிறுவனத்தைத் தன் கட்டுப்பாட்டுக்குட் கொணர்ந்தது. 1974 இல் அவசரகால விதிகளின் கீழ் தினபதி, சிந்தாமணி ஆகியவற்றை வெளியிட்ட நிறுவனத்துக்கு முத்திரையிட்டது. உள்ளூர் அச்சகமொன்றின் கதவை மூடுவதற்குச் செலாவணி காரணமாகாது.

1977 இன் பின்னர் திறந்த பொருளாதாரம் வந்தது. வர்த்தகச் சுதந்திரமே ஏனைய சுதந்திரங்களுக்கெல்லாம் வாயில் என்பதுபோலப் பேசப்பட்டது. தென்னிந்தியச் சஞ்சிகைகள் மீண்டும் கடைகளை நிறைத்தன. ஈழத்து நாவல் வெளியீடு தளர்ந்தது. கமக்காரரின் சந்தையும் சரிந்தது. ஆனால் பத்திரிகைச் சபைச் சட்டம் நீக்கப்படவில்லை. ஏரிக்கரை நிறுவனம் அரசின் பிடியிலேயே இருந்தது. 1983 இல் யாழ்ப்பாணத்திலிருந்து வெளிவந்த சற்றர்டே ரிவியூவும் சுதந்திரனும் தடைசெய்யப்பட்டன. துறைமுகம் திறந்தது, அச்சகம் திறக்கவில்லை.

இவ்விரு காலப்பகுதிகளையும் ஒப்பிடும்போது ஓருண்மை தெளிவாகின்றது. மூடிய வர்த்தகமும் திறந்த வர்த்தகமும் தம்மளவிற் கருத்துச் சுதந்திரத்தின் அளவுகோல்கள் ஆகா. எதிரெதிரான பொருளாதாரக் கொள்கைகளையுடைய இரு அரசுகள், விமர்சனத்தை அடக்குவதில் மாத்திரம் ஒன்றுபட்டன.

ஆகவே, அரசுக் கூற்றுகள் யாவும் பொய் எனத் தள்ளுவதும் மெய் எனக் கொள்வதும் ஒருங்கே விமர்சனமாகா. உண்மையான காரணமொன்றின் நிழலிலேயே உள்நோக்கம் பெரும்பாலும் மறைந்து நிற்கின்றது. சொல்லப்பட்ட காரணம் அவ்விதியை முற்றாக விளக்குகின்றதா, அக்காரணம் நீங்கிய பின்னும் விதி நிலைக்கின்றதா, அதனால் மௌனமாக்கப்படுவோர் யாவர் என்னும் மூன்று வினாக்களையும் எழுப்புதல் வேண்டும். இவற்றை எழுப்பத் தவறும் வாசகன், அரசு எழுதாது விட்ட வரிகளை வாசிக்கத் தவறியவனாகின்றான்.