மண்புழுவும் நாவலாசிரியனும்

நாவல் எழுத வருகிறவர்கள் படிக்க வேண்டிய புஸ்தகங்கள் எவை என்று யாராவது என்னைக் கேட்டால், மண்புழுவைப் பற்றிய ஒரு புஸ்தகத்தையும் சேர்த்துத்தான் சொல்வேன். வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. சார்லஸ் டார்வின் 1881-ல் வெளியிட்ட கடைசிப் புஸ்தகம் அது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் அவர் காலமாகிவிட்டார். உலகத்தின் நம்பிக்கைகளையே புரட்டிப் போட்ட மனிதர், ஆயுளின் முடிவில் உட்கார்ந்து எழுதியது மண்புழுக்கள் எப்படி வளை தோண்டுகின்றன, எப்படி மண்ணைத் தின்று மேலே கொண்டுவந்து தள்ளுகின்றன என்பதைப் பற்றி!

கதைச் சுவையை எதிர்பார்த்துப் பிரிக்கிறவர்களுக்குப் பல பக்கங்கள் அலுப்புத் தட்டும். எடை, ஆழம், கணக்கு என்று போய்க்கொண்டே இருக்கிறது. அந்தக் குறையை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் அந்த அலுப்புக்குள்ளே ஒரு பொறுமை இருக்கிறது. அதற்கு ஈடாக நம் இலக்கியத்தில் எதைக் காட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. 1842 டிசம்பரில் தம் வீட்டை அடுத்த வயலில் சீமைச்சுண்ணாம்புத் துண்டுகளைப் பரப்பினார். பின்னொரு காலத்தில் அவை எவ்வளவு ஆழத்தில் புதைந்திருக்கும் என்று பார்க்க வேண்டும் என்பதுதான் நோக்கம். 1871 நவம்பரில் அங்கே பள்ளம் வெட்டினார். மேற்பரப்பிலிருந்து 7 அங்குலம் கீழே வெள்ளைக் கோடாகத் தெரிந்தது சுண்ணாம்பு. ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு 29 வருஷம் பதிலுக்குக் காத்திருந்தார். நாமோ மூன்றாவது அத்தியாயத்திலேயே முடிவைத் தீர்மானித்து விடுகிறோம்.

இந்தப் புஸ்தகத்தில் என்னை மிகவும் பாதித்தது இலைகளைப் பற்றிய பகுதி. மண்புழு தன் வளையின் வாயை இலைகளால் அடைக்கும். எந்தப் பக்கத்தைப் பற்றி இழுக்கிறது? டார்வின் வளைகளிலிருந்து 227 இலைகளை உருவிப் பார்த்தார். அவற்றில் 181 நுனிப்பக்கமாக இழுக்கப்பட்டிருந்தன. நுனி குறுகலானது, இழுக்கச் சுலபம். இது வெறும் பழக்கமா, அறிவா? காகிதத்தை முக்கோணங்களாக வெட்டி, மழையும் பனியும் ஊறாமல் இருக்கக் கொழுப்புத் தடவி வளைகளின் பக்கத்தில் போட்டார். தலைமுறை தலைமுறையாக எந்த மண்புழுவும் காகித முக்கோணத்தைக் கண்டிருக்காது அல்லவா? 303 முக்கோணங்களில் 62 சதவிகிதம் கூர்முனையைப் பற்றி உள்ளே இழுக்கப்பட்டிருந்தன. மண்புழுவுக்கும் ஓரளவு புத்தி உண்டு என்று அவர் முடிவு கட்டினார்.

பின்னால் வந்தவர்கள் எல்லோரும் அதை ஒப்புக்கொண்டு விடவில்லை. அது இருக்கட்டும். நான் கவனித்தது வேறு. தம் கட்சிக்குச் சாதகமான 62-ஐச் சொன்னவர், பாக்கியையும் சொல்லியிருக்கிறார். நடுவில் பற்றி இழுத்தவை 15, அகன்ற பக்கத்தைப் பற்றி இழுத்தவை 23. அவருடைய இடத்தில் நான் இருந்தால் அந்த 38-ஐ மறைத்திருப்பேன். பாத்திரத்தின் குணத்துக்கு ஒத்து வராத செயல்களை வெட்டி எறிவதைத்தானே நாங்கள் 'பாத்திரப் படைப்பு' என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம்?

இங்கே என் சொந்தக் குற்றம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு நாவலில் சூதாடியின் மகனைச் சூதாடியாகவே முடித்தேன். 'ரத்தம் விடுமா?' என்று ஒரு கிழவரைப் பேசவைத்துத் திரையும் போட்டேன். ஒரு வாசகி கடிதம் எழுதினார்: "என் தகப்பனாரும் சூதாடிதான். எனக்கு ஒரு பையன் இருக்கிறான். நீங்கள் எழுதியது நிஜமா?" நான் பதில் எழுதவில்லை. எழுதத் தெரியவில்லை.

வட அமெரிக்காவில் இரண்டு வகை எலிகளை வைத்து நடத்திய ஓர் ஆராய்ச்சியைப் படித்தபோது அந்தக் கடிதம் மறுபடி நினைவுக்கு வந்தது. ஹார்வர்டில் ஹோப்பி ஹோக்ஸ்ட்ராவும் அவருடன் வேலை செய்தவர்களும் 2013-ல் வெளியிட்டது. மணல்வெளிகளில் வாழும் 'ஓல்ட்ஃபீல்டு' எலி நீளமான நுழைவழி தோண்டும். பகைவன் வந்தால் தப்ப, தரைமட்டத்துக்குச் சற்றுக் கீழே முடியும் இன்னொரு வழியும் தோண்டி வைக்கும். அதன் உறவான மான் எலி குட்டையான வளையோடு நின்றுவிடும். தப்பும் வழி கிடையாது. கூண்டிலேயே பிறந்து வளர்ந்த எலிகளை மணலில் விட்டார்கள். பிறகு வளைக்குள் இறுகும் நுரையை ஊற்றி, வளையின் அச்சை அப்படியே எடுத்தார்கள். யாரும் கற்றுக்கொடுக்காமலே ஒவ்வொன்றும் தன் இனத்து வளையைத்தான் தோண்டியிருந்தது. 2017-ல் அதே குழுவினர் குட்டிகளை மற்ற இனத்துத் தாயிடம் மாற்றி வளர்த்தும் பார்த்தார்கள். அப்போதும் அவை தம் இனத்தைப்போலவேதான் தோண்டின.

'ரத்தம் விடுமா' என்ற என் கிழவர் ஜயித்துவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். நிதானமாகப் படித்தபோது அப்படி இல்லை. இரண்டு இனங்களையும் கலந்து, அந்தக் கலப்புக் குட்டிகளை மறுபடி மான் எலியோடு சேர்த்தார்கள். பிறந்த பேரக் குட்டிகளில் குணம் ஒரே மூட்டையாக இறங்கி வரவில்லை. நுழைவழியின் நீளத்துக்கு மரபில் மூன்று இடங்கள். தப்பும் வழிக்கு வேறொன்று. தனித்தனியாகப் பிரிந்து வந்தன. குட்டை வழி தோண்டிய எலியும் தப்பும் வழி தோண்டலாம்.

எலியைக் கொண்டு மனிதனை அளப்பது பிசகு. எலியிலேயே பரம்பரை இப்படித் துண்டு துண்டாகத்தான் வருகிறது என்றால், ஒரு தகப்பனை முழுசாக மகன்மேல் ஏற்றிவைக்க எனக்கு என்ன அதிகாரம்? சூதாடியின் மகன் தகப்பனிடமிருந்து கணக்குப் புத்தியை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கலாம். துணிச்சலை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கலாம். நான் யோசிக்கவே இல்லை. டார்வின் அந்த 38-ஐக் கணக்கில் வைத்தார், நான் வைக்கவில்லை.

அச்சான நாவலை இனி மாற்ற முடியாது. அந்த அம்மாளின் விலாசம் பழைய கடிதக்கட்டில் இருக்கிறது. நான் எழுதியது நிஜம் இல்லை என்று அவருக்கு ஒரு கார்டு போடப் போகிறேன்.