சாக்குருவியும் எலி விருந்தும்

கதையில் ஆந்தை அலறினால் அடுத்த பக்கத்தில் பிணம் விழும். இது நம் எழுத்தாளர்களுக்குள் எழுதாச் சட்டமாகிவிட்டது. நள்ளிரவு, லயத்தின் பின்புறத்தில் ஒரு மரம், அதிலிருந்து ஒரு குரல். கிழவி நெஞ்சில் கை வைக்கிறாள். பொழுது விடிவதற்குள் ஒப்பாரி எழுகிறது. திரைப்படக்காரர்களோ இன்னும் ஒருபடி மேலே சென்று, குரலோடு அதன் கண்ணையும் திரை முழுதும் பெரிதாக்கிக் காட்டிவிடுகின்றனர். அப்பறவை அங்கே எதற்காக வந்தது, எதைத் தின்றது என்னும் கேள்விகளைக் கதாசிரியர் கேட்பதில்லை. அவருக்கு வேண்டியது ஆந்தையன்று. சாவுக்குக் கட்டியங்கூறும் ஒரு சேவகன். கூலியில்லாமல் கிடைக்கிறான், வைத்துக்கொள்கிறார்.

இலக்கியத்தில் பறவை ஒரு குறியாக நிற்பது குற்றமென்று நாம் சொல்லவில்லை. குறி மட்டும் நின்று, பறவை காணாமற்போவதே குற்றம். வேட்டையாடும் பறவையொன்றை எதிர்பாராத வேளையில் கைக்கெட்டும் தூரத்தில் சந்திக்கும் மனிதன் என்ன காண்கிறான்? அவன் கண்டதற்கும் நம் ஏடுகள் எழுதுவதற்கும் இடையே எவ்வளவு தொலைவு? இதுவே இங்கு நாம் எடுத்துக்கொண்ட விஷயம்.

இதனை ஆராயக் கோலசிலாங்கூர் முதல் செகிஞ்சான் வரையுள்ள நிலத்தைவிட ஏற்ற இடம் வேறு வேண்டியதில்லை. தெற்கே செம்பனைத் தோட்டங்கள். வடக்கே கடலோரமாக நெல்வயல்கள். மலாயாவில் வாணிபத்துக்கென்று செம்பனை முதன்முதலில் பயிரானது 1917 இல், இப்பகுதியைச் சேர்ந்த தென்னமரம் தோட்டத்தில்தான். அப்பெயர் தமிழ்ச் செவிக்கு அந்நியமன்று. அதனைப் பயிரிட்ட பிரெஞ்சுத் துரையாகிய ஆன்றி ஃபொக்கொனியே என்பவர், இந்நாட்டு வாழ்வை வைத்து எழுதிய நாவலுக்காக 1930 இல் பிரான்சின் பெரும்பரிசாகிய கோன்கூர் பரிசையும் பெற்றார். தோட்டத்து மண்ணில் இலக்கியம் முளைக்காது என்று உதட்டைப் பிதுக்கும் பட்டணத்து நண்பர்கள் இதனைக் குறித்துக்கொள்வார்களாக.

நிற்க. செம்பனை வந்த இடத்திற்கு எலி வந்தது. எலி பெருகிய இடத்திற்குக் கூகை வந்தது. நெஞ்சின் வடிவில் வெண்ணிற முகங்கொண்ட இந்தக் கூகை, முன்னாளில் இத்தீபகற்பத்தில் அரிதாகவே தென்பட்ட பறவை. இங்கே அது முட்டையிட்டுக் குஞ்சு பொரித்ததாக முதற்பதிவு 1969 ஆம் ஆண்டினது. இடம் ஜொகூரில் ஒரு செம்பனைத் தோட்டம். இன்று சிலாங்கூர்த் தோட்டங்களிலும், செகிஞ்சான், தஞ்சோங் காராங் வயல்களிலும் கம்பங்களின்மீது மரப்பெட்டிகளை அறைந்து, அப்பறவையை விருந்தாளியாக அழைத்து வைத்திருக்கிறார்கள்.

இவ்வாண்டுக் கணக்கைச் சற்று எண்ணிப் பார்த்தால் ஒரு வேடிக்கை வெளிப்படும். நாகப்பட்டினத்தில் கப்பலேறிய நம் பாட்டன் பாட்டியர் அதற்கு வெகுகாலம் முன்பே இங்கு வந்து சேர்ந்துவிட்டனர். வேறு ஆந்தைகள் இங்கிருந்தன என்பது மெய்யே. ஆயினும் ‘சாக்குருவி’ என்று ஊரில் பழிசுமந்த கூகை இந்தத் தோட்டங்களில் குடியேறுமுன்னரே, அதன் பழி மூட்டைமுடிச்சோடு வந்து இறங்கிவிட்டது. பறவையைப் பாராமலே பறவைக்கு அஞ்சக் கற்றுக்கொண்டோம். மலாய்க்காரர் வழக்கும் இதில் பின்தங்கியதன்று. பூரோங் ஹந்து, அதாவது பேய்ப்பறவை, என்பதே அவர்கள் ஆந்தைக்கு இட்ட பெயர். ஆனால் நிலவை எண்ணி ஏங்கும் ஆந்தையைக் கைகூடாக் காதலுக்கு உவமையாக்கிய பழமொழி ஒன்றும் அவர்களிடம் உண்டு. நமக்கு அந்த அளவு இரக்கமும் தோன்றவில்லை.

இனி, நேரிற் கண்டவன் காண்பது யாது? நீண்ட கழியின் நுனியில் அரிவாளைப் பூட்டி, அண்ணாந்து மட்டையை அறுக்கிறான் குலை வெட்டும் தொழிலாளி. மட்டையின் இடுக்கில் பகலுறக்கத்திலிருந்த கூகை அவன் தலைக்குமேலாக விலகிச் செல்கிறது. அவனைத் திடுக்கிடச் செய்வது அதன் ஓசையன்று, ஓசையின்மை. காகமோ புறாவோ அவ்வளவு அருகில் எழுந்தால் சிறகடிப்புக் காதில் அறையும். கூகைச் சிறகின் விளிம்பு சீப்புப்போல் இழை பிரிந்தும், மேற்புறம் பஞ்சுபோல் மெத்தென்றும் இருப்பதால், காற்றுக்கே அது தெரிவதில்லை. பெட்டிக்கூட்டைத் திறப்பவன் கேட்பதோ பாம்பின் சீறல்! குஞ்சுகள்தாம் அவ்வாறு சீறுகின்றன. ஏணியில் நிற்பவனுக்கு அது தெரியுமுன் பாதி உயிர் போய்விடும். கையை நீட்டினால் மல்லாந்து படுத்து நகங்களை நீட்டும். கண்ணை மட்டும் உருட்ட அதனால் இயலாது. ஆகவே நம்மைப் பார்க்க வேண்டுமாயின் முகம் முழுவதையும் திருப்பிப் பார்க்கும். அந்தப் பார்வையையே நம் கதாசிரியர் ‘கொடிய பார்வை’ என்று எழுதுகிறார்.

இத்தனையும் பழந்தமிழ்ப் புலவர் அறியாதன அல்ல. நற்றிணையின் 83 ஆம் பாட்டைப் பெருந்தேவனார் என்பவர் பாடினார். பின்னத்தூர் நாராயணசாமி ஐயர் உரையோடு நற்றிணை 1915 இல் அச்சேறியது முதல், கற்றோர் பலரும் அறிந்த பாட்டு அது. ஊர்த்துறையின் அருகிலுள்ள முதிய மரத்தில் வாழும் கூகையை நோக்கித் தோழி பேசுகிறாள். வளைந்த வாய், தெளிந்த கண், கூரிய நகம் என்று அப்பறவையின் உறுப்புகளை ஒவ்வொன்றாகச் சொல்லி விளிக்கிறாள். அருகிருந்து பார்த்தாலன்றி இவ்வரிசை வாராது. பிறகு அவள் ஒரு பேரம் பேசுகிறாள்: நெய்யிட்ட ஊன்சோற்றோடு சுட்ட எலியும் உனக்குப் படைப்போம், தலைவனை எதிர்நோக்கி நாங்கள் உறங்காது வருந்தும் வேளையில், அச்சம் வரும்படி நீ கடுங்குரல் எழுப்பாதே.

இங்கு நாம் இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். கூகைக்கு எது விருந்து என்பது அப்புலவருக்குத் தெரிந்திருக்கிறது, எலி என்கிறார். அச்சமும் உண்டு, ஆனால் அது குரலைப் பற்றிய அச்சம், நாளை யார் சாவார் என்பதைப் பற்றியதன்று. (அப்பாட்டின் கூகை இன்றைய பெட்டிக்கூட்டுப் பறவைதானா, கொம்பன் ஆந்தையா என்று வாதிடுவோர் வாதிடட்டும், எலி தின்பது இரண்டுக்கும் பொது.) குறுந்தொகையின் 153 ஆம் பாட்டிலும் இதே நேர்மை. குன்றத்துக் கூகை குழறினாலும் முற்றத்துப் பலாவில் ஆண்குரங்கு தாவினாலும் முன்பெல்லாம் அஞ்சும் நெஞ்சு என்று கபிலரின் தலைவி சொல்கிறாள். கூகையும் குரங்கும் ஒரே தட்டில் நிறுத்தப்பட்டிருப்பதைப் பாருங்கள். குரங்கு தாவினால் யாரும் சாவதில்லை. இருட்டில் திடீரென்று எழும் ஓசை, அவ்வளவே. திருவள்ளுவரும் காலமறிதல் அதிகாரத்தின் முதற்குறளில், பகலில் காக்கை கூகையை வெல்வதைச் சுட்டுகிறார். பகலில் வெளிப்பட்ட ஆந்தையைக் காக்கைகள் கூடி விரட்டுவதைக் கண்ணாற் கண்ட அறிவு அது.

பழையதெல்லாம் பொன் என்று சொல்ல வந்தோமில்லை. புள் நிமித்தம் பார்க்கும் வழக்கம் சங்கப் பாட்டிலேயே உண்டு. மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டத்துச் சுடுகாட்டில் ஆந்தைக் குரல் கேட்கத்தான் கேட்கிறது. ஆள் நடமாட்டமற்ற இடமும் முதுமரப் பொந்தும் தேடும் பறவை சுடுகாட்டை விரும்புவதில் வியப்பென்ன? சாவு இருக்குமிடத்தில் கூகை இருந்தது. கூகையே சாவைக் கொணர்ந்தது என்று பின்வந்தோர் காரணத்தைத் தலைகீழாக்கினர்.

பருந்தின் கதை இதற்கு மறுபுறம். ஆற்றுமுகத்தில் மீன்கழிவு பொறுக்கவரும் செம்பருந்தைக் கண்டால் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். குடமுழுக்கு நாளில் அது வானில் வட்டமிட்டால் பத்திரிகையில் செய்தி வருகிறது. அதே கோலசிலாங்கூர் ஆற்றில் சுற்றுலாப் படகுக்காரர்கள் கோழித்தோலை எறிய, அதே பறவைகள் கூட்டமாக இறங்கிக் கவ்விச் செல்கின்றன. அங்கே தெய்வம், இங்கே வேடிக்கை. இரண்டிடத்திலும் நாம் குறித்து வைத்த நேரத்துக்கு அது வரவேண்டும். ஏற்பாடு செய்த சந்திப்பில் பறவை நமக்கு எதையும் சொல்லித் தருவதில்லை.

புறநானூற்றின் 43 ஆம் பாட்டு, பருந்தின் நகத்துக்கு அஞ்சித் தன்னிடம் வந்த புறாவுக்காகத் துலாக்கோலேறிய சோழர் முன்னோனை நினைவூட்டுகிறது. பாரதத்தில் இக்கதை விரியும்போது, இது என் உணவு, இதைப் பறித்தால் நானும் என் குஞ்சுகளும் பட்டினி என்று பருந்து வழக்காடுகிறது. வேட்டைப் பறவைக்காக எழுதப்பட்ட வாதங்களில் இதைவிட நியாயமானதை நாம் கண்டதில்லை. ஆனால் முடிவில் என்ன? அது பருந்தேயன்று, இந்திரன்! பசித்த பறவை கதையிலிருந்தே மறைந்துவிடுகிறது.

செங்கற்பட்டை அடுத்த திருக்கழுக்குன்றத்திலும் இதுவே நடந்தது. நாள்தோறும் நண்பகலில் குன்றின்மேல் சோறுண்ண வந்த இரு பாறுகளையும் முனிவரென்று தலபுராணம் சொல்லிற்று. 1990 களின் இறுதிக்குள் அவை வருவது நின்றது. அக்காலத்தில்தான் இந்தியாவெங்கும் பாறு இனங்கள் அழிந்துகொண்டிருந்தன. மாட்டுக்குக் கொடுத்த டைக்ளோஃபினாக் என்னும் வலிநீக்கி மருந்து, செத்த மாட்டைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது என்பது 2004 இல் வெளிப்பட்டது. மாட்டு வைத்தியத்தில் அதனை இந்திய அரசு 2006 இல் தடுத்தது. முனிவர்க்குச் சோறு படைத்த நாடு, பாறு எதைத் தின்று மடிகிறது என்று பார்க்கவில்லை.

உயர உயரப் பறந்தாலும் ஊர்க்குருவி பருந்தாகாது என்கிறார்களே, அதையும் விடுவதற்கில்லை. பிறப்பால் உயர்ந்தவன் பருந்து, நீ உன் கூரையில் இரு என்று ஏழைக்குச் சொல்வதற்கே அது பயன்பட்டு வருகிறது. வயல்வெளியில் கால்நாழிகை நின்று பார்த்தவன் அப்பழமொழியைச் சொல்லமாட்டான். கைப்பிடியளவே உள்ள கரிச்சான், தன் கூட்டருகே வந்த பருந்தின் முதுகில் கொத்தி எல்லை கடக்கும்வரை துரத்துவதை அவன் கண்டிருப்பான்.

சொல்லைப் பற்றி இவ்வளவு சண்டை எதற்கென்று சிலர் கேட்கலாம். சொல்லிலிருந்துதான் கல் வருகிறது. சாக்குருவி என்று கேட்டு வளர்ந்த பிள்ளை, பெட்டியிலிருந்து தவறி விழுந்த குஞ்சைக் கண்டால் என்ன செய்வான்? அக்குஞ்சு வளர்ந்தால் வேட்டையாடப்போவது, அவன் தகப்பன் சுமக்கும் குலையைக் கொறிக்கும் எலியை. செகிஞ்சானில் பயிரின் தண்டை அடியில் கடித்துச் சாய்க்கும் எலியை. கூகையின் பகை கல் மட்டுமன்று. இரத்தம் உறையாமற் செய்யும் புதுவகை எலிநஞ்சுகள் பரவிய 1980 களில், அவற்றைத் தின்ற எலிகளை உண்டு தோட்டத்துக் கூகைகளும் மடிந்தன. நஞ்சு தின்ற எலி உடனே சாவதில்லை. தளர்ந்து தள்ளாடும் நாட்களில் எளிதாக அகப்படும். நஞ்சைத் தூவும் வேலையும் தொழிலாளியின் கையில்தான் விழுகிறது. இந்த இரவை எழுதுவதற்கு ஒரு கதாசிரியர் வேண்டும். அதில் சாவும் உண்டு, அச்சமும் உண்டு. ஆனால் சாவது ஆந்தை.

நம் பாவேந்தர் 1944 இல் தந்த ‘அழகின் சிரிப்பி’ல் தனித்தலைப்புப் பெற்ற பறவைகள் புறாவும் கிளியும். பருந்துக்கும் கூகைக்கும் அந்த இடம் கிடைக்கவில்லை என்பதில் நமக்குச் சிறிது மனத்தாங்கல் உண்டு. உரைநடையில் வழிகாட்டியவர் மா. கிருஷ்ணன் (1912–1996). பத்மாவதி சரித்திரம் எழுதிய அ. மாதவையாவின் மைந்தர் அவர். தமிழிலும் ஆங்கிலத்திலும் காட்டுயிர்களைப் பற்றி எழுதியபோது, பறவையின் நடையையும் இருப்பையும் கண்டபடி எழுதினாரேயன்றி, அதன்மேல் தம் துக்கத்தை ஏற்றவில்லை. அவ்வகை எழுத்துக்குப் பெரும்படிப்பு வேண்டுமென்பதில்லை. கூகை எலியை முழுதாக விழுங்கி, செரியாத மயிரையும் எலும்பையும் கரிய உருண்டையாக உமிழ்கிறது. பெட்டிக்கூட்டின் கீழே அவை விழுந்து கிடக்கின்றன. ஒன்றை எடுத்து நீரில் ஊறவைத்துக் குச்சியால் பிரித்தால், மஞ்சட் பல்லோடு கூடிய எலியின் மண்டையோடு முழுதாக வெளிவரும். சில உருண்டைகளில் இரண்டும் மூன்றுமாக இருக்கும்.