தாய் இல்லாத கர்ப்பம்

1996 ஆகஸ்ட் 22 அன்று கிளின்டன் கையெழுத்திட்ட அமெரிக்க நலத்திட்டச் சீர்திருத்தச் சட்டத்தின் பெயரிலேயே ‘தனிமனிதப் பொறுப்பு’ இருக்கிறது. யாருடைய பொறுப்பு? அது குறிவைத்தது துணையின்றிப் பிள்ளை வளர்க்கும் ஏழைப் பெண்களை. குடியேறியவர்களைத் தள்ளி நிறுத்தியதும் அதே சட்டம்தான். கிரீன் கார்டு இருந்தாலும், அகதிகள் போன்ற சிலரைத் தவிர மற்றவர்களுக்கு முதல் ஐந்தாண்டு மெடிகெய்ட் இல்லை. கர்ப்பிணிகளுக்கு இதைத் தளர்த்த மாநிலங்களுக்கு அனுமதி கிடைக்க 2009 ஆகிவிட்டது. ஆவணமற்றவர்களுக்கு அவசர சிகிச்சை மட்டும். பிரசவம் அவசரம், அதற்கு முந்தைய மாதங்கள் அவசரமில்லை.

இந்த அபத்தத்துக்கு 2002இல் புஷ் அரசு கண்ட வழியைத்தான் நாம் நிதானமாக வாசிக்க வேண்டும். குழந்தைகள் காப்பீட்டுத் திட்டத்தில் ‘குழந்தை’ என்ற சொல்லின் பொருளைக் கருத்தரிப்பு வரை பின்னோக்கி நீட்டினார்கள். கருவுக்குக் குடியேற்ற நிலை கிடையாது. எனவே விரும்பும் மாநிலம் அதற்குக் காப்பீடு தரலாம். ரத்தப் பரிசோதனை, இரும்புச்சத்து மாத்திரை எல்லாம் தாயின் உடலுக்குத்தான். ஆனால் காகிதத்தில் பயனாளி அவள் அல்ல. பிள்ளை பிறந்தபின் தையல் பிரிந்தாலோ, பால் கட்டிக் காய்ச்சல் வந்தாலோ, அந்த உடல் மறுபடி அந்நியருடையது.

கருவைத் தனி நபராக்கும் தந்திரம் இது என்று கருக்கலைப்பு உரிமைக்காரர்கள் எதிர்த்தார்கள். சரிதான். ஆனாலும் இந்த விதியால் ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ள முடிந்த பெண்ணிடம் போய் ‘நீ ஏன் ஏற்றுக்கொண்டாய்’ என்று கேட்க எனக்கு வாய் வராது. நம் கோட்பாடு தடுமாறும் இடம் இது, தடுமாறட்டும்.

மிஞ்சியிருந்த கதவு சமூக சுகாதார மையங்கள். 1960களில் மிசிசிப்பியின் மவுண்ட் பாயுவில் அவற்றில் ஒன்றைத் தொடங்கிய மருத்துவர் ஜாக் கைகர், சத்துக்குறைவுள்ள பிள்ளைகளுக்கு மருந்துச்சீட்டில் உணவை எழுதிக் கொடுத்தவர். வருமானத்துக்கேற்பக் கட்டணம், குடியேற்ற நிலை பற்றிய கேள்வி இல்லை என்பதே அங்கே நடைமுறை. 2025 ஜூலையில் சுகாதாரத் துறை இந்த மையங்களையும், குடும்பக் கட்டுப்பாட்டு நிதியையும், ஹெட் ஸ்டார்ட் பாலர் திட்டத்தையும் 1996 சட்டத்தின் தடைக்குள் கொண்டுவர அறிவிப்பு வெளியிட்டது. வழக்குத் தொடுத்த மாநிலங்களில் நீதிமன்றம் நிறுத்திவைத்தது.

1882 முதல் அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தில் இருக்கும் ‘பொதுச்சுமை’ என்ற சொல் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கிறது. தனக்கு உரிமையுள்ளதைக்கூட, விசாவுக்கு வினையாகுமோ என்று வாங்காமல் திரும்புகிறாள் ஒரு தாய். பிறந்த மண்ணாலேயே குடியுரிமை பெற்ற மகளின் தடுப்பூசித் தேதியும் தள்ளிப்போகிறது.