சிற்றலை வானொலியும் தமிழ்த் தொடரின் இறுதியும்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களின் மானாவாரி ஊர்களுக்குச் சென்னையினும் கொழும்பு அண்மையது. அருப்புக்கோட்டையிலிருந்து நேர்கோட்டில் அளப்பின் சென்னை ஏறத்தாழ 460 கிலோமீட்டர். கொழும்பு 350 கிலோமீட்டர். போர்க்காலத்தில் நேசப்படையினர்க்கென எழுந்த கொழும்புச் சிற்றலை நிலையம், பின்னர் இலங்கை வானொலிக்கு உரியதாகி, 1950 முதல் வாணிக ஒலிபரப்பு நடத்திற்று. 1952-க்குப் பின் இந்திய வானொலி திரைப்பாட்டைச் சுருக்கவே, கேட்போர் கொழும்பை நாடினர். 1957-இல் விவித பாரதி தோன்றியது அவர்களை மீட்கவே. இவ்வரலாறு பலரும் எழுதியது. அவ்வலைவழியே தமிழ்த்தொடர் எவ்வாறு செவியுற்றது என்பதை ஆராய்ந்தார் மிகச் சிலரே.

சிற்றலை வானில் எழுந்து, அயனி மண்டலத்தால் திருப்பப்பெற்று மண்ணுக்கு மீள்வது. பல வழியாக மீளும் அலைகள் தம்முள் முரணுங்கால் ஒலி மங்கும். சில நொடியில் மீண்டும் ஓங்கும். குமாரலிங்கபுரம் போன்ற ஊரில் பெட்டிமுன் அமர்ந்தவர்க்கு இம்மங்கல் எச்சொல்லை விழுங்கும் என முன்னறிய இயலாது. தமிழிலோ முற்றுவினை இறுதியில் நிற்பது; விதியும் விலக்கும் அவ்விறுதியாலேயே வேறுபடும். 'மண்ணில் ஈரமில்லாத காலத்துப் பருத்திக்கு மேலுரம் இடவேண்டா' என யாமே ஒரு தொடர் அமைத்துக் காண்போம். ஈற்றசை மறையின் 'வேண்டும்' என்பதோ 'வேண்டா' என்பதோ யார் அறிவார்? ஏட்டில் பிழையற்ற தொடர் காற்றில் பயிரைக் கெடுக்கும். 'ஈரமில்லையா? மேலுரம் வேண்டா. மழை பெய்யட்டும், பிறகு இடுங்கள்' என்று பகுத்துரைப்பின், ஒன்று மறையினும் மற்றொன்று பொருளைக் காக்கும்.

இது கொச்சை நடைக்குப் பரிந்துரை என்பார் உளர். அன்று. நன்னூற் பொதுப்பாயிரம் பாடங்கேட்டலின் வரலாற்றைத் தனியே வகுத்து, இருமுறையும் மும்முறையும் கேட்டலின் பயனைக் கூறுகின்றது. வினாதலையும் வினாயவற்றிற்கு விடை கூறுதலையும் கல்வியின் கூறாகக் கொள்கின்றது. ஒருமுறை கேட்டலின் குறையைப் பவணந்தியார் நன்கு அறிந்தவர். வானொலி தருவதோ ஒரு கேள்வியே. ஏட்டுக்குரிய நெடுந்தொடரை ஒலிவாங்கிமுன் படிப்பவர் தூய தமிழைக் காப்பவராகார், கேட்போரை மறந்தவராவர்.

1956-இல் புனே நிலையம் யுனெசுக்கோ துணையுடன் நடத்திய ஊரக வானொலி மன்றங்கள் இக்குறையை ஓரளவு நீக்கின. ஊரார் கூடிக் கேட்டனர். கேட்டபின் தம்முள் வாதித்தனர். தீராத ஐயங்களை நிலையத்துக்கு எழுதினர். ஒருவர் தவறவிட்டதை மற்றொருவர் நிரப்பினார். நன்னூலார் மாணாக்கர்க்குச் சொன்னதனை உழவர் செய்தனர் என்னலாம். 1959-இல் இத்திட்டம் நாடெங்கும் விரிந்தது.

எனினும் நன்செய்க்கும் புன்செய்க்கும் இங்கு ஒரு வேற்றுமை உண்டு. 1960-களில் தஞ்சை உழவர் ஆடுதுறை 27 என்னும் நெல்லை 'ரேடியோ நெல்' என்றே வழங்கினர். ஆற்றுநீர் வரும் நாள் அறிந்தவர்க்கு 'இன்ன நாளில் விதையிடுங்கள்' என்னும் குறுந்தொடர் போதும். கரிசலுக்கு உரைப்பனவோ பெய்தால், பொய்த்தால், ஈரம் தங்கினால் என நிபந்தனை எச்சங்களால் நீள்வன. ஆகவே மங்கலுக்கு மிகுதியும் இரையாவன. மிகக் கருதி எழுதவேண்டிய உரை இம்மண்ணுக்குரிய உரையே. வானொலி உழவுரைகளை ஆராய்ந்த நம் கட்டுரைகள் கலைச்சொல்லையே எண்ணிக்கொண்டிருந்தன.