தலைப்பிரட்டை தொங்கும் பதக்கம்

அகலம் 8.2 சென்டிமீட்டர், உயரம் 4.5. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் இந்தப் பொன் பதக்கத்தில் 372 கற்கள் இருக்கின்றன. ஒவ்வொரு கல்லுக்கும் பொன் தகட்டில் தனியாகச் சின்னஞ்சிறு சுவர் எழுப்பி, அந்த அறைக்கென்றே கல்லை வெட்டி இறக்கியிருக்கிறார்கள். சிவப்புக்குச் சூதுபவளம். இளநீலத்துக்கு டர்க்காய்ஸ். கருநீலத்துக்கு, ஆப்கானிய மலைகளில் பிறந்து கைமாறிக் கைமாறி நைல் கரைக்கு வந்த லாபிஸ் லசூலி. ஏறத்தாழ 3,900 ஆண்டுகளுக்கு முந்தைய நகை. அணிந்தவள் இரண்டாம் செனுஸ்ரெட் மன்னனின் மகள் சித்ஹாத்தோர்யூனெட்.

வேலைப்பாட்டின் நேர்த்தியிலேயே கண் சொக்கிப்போகும். ஆனால் இதை எழுத்துக் கூட்டிப் படிக்கவும் வேண்டும். இதில் இருக்கும் உருவங்கள் பெரும்பாலும் எகிப்தியச் சித்திர எழுத்துகள்தாம்.

நடுவில் மன்னனின் பெயர்: சூரிய வட்டம், கதிர் எழும் குன்று, சாணவண்டு. மூன்றையும் சேர்த்தால் காகெப்பர்ரே என்ற அரியணைப் பெயர் வரும். இருபுறமும் இரண்டு வல்லூறுகள், தலையில் சூரியனோடு, ஒன்றின் கண்ணாடிப் பிம்பமாக மற்றொன்று. சூரியனைச் சுற்றிய நாகங்களிலிருந்து உயிரைக் குறிக்கும் ‘அங்க்’ தொங்குகிறது. அடிக்கட்டையில் ஓடும் நெளிகோடு, உலகம் தோன்றுமுன் எங்கும் நிறைந்திருந்த ஆதிநீர்.

என் கண் போய் நிற்பது கீழே மண்டியிட்டிருக்கும் ஒரு சிறிய ஆளிடம். பெயர் ஹெஹ். எகிப்தியர் பத்து லட்சம் என்று எழுத இவர் உருவத்தைத்தான் வரைவார்கள். இரு கையிலும் பிடித்திருக்கும் பனையோலை நரம்புகள் ஆண்டுகளைக் குறிப்பவை. முழங்கையில் ஏதோ தொங்குகிறதே என்று உற்றுப் பார்த்தால், தலைப்பிரட்டை! வெள்ளம் வடிந்த நைல் கரைச் சேற்றில் அவை எண்ண முடியாமல் நெளிவதைப் பார்த்த ஜனங்கள், ஒரு லட்சம் என்ற எண்ணுக்கு அதையே எழுத்தாக்கிவிட்டார்கள். வல்லூறும் நாகமும் எந்த அரசனின் சின்னத்திலும் வரும். முடிவில்லாத காலத்தைச் சொல்லச் சேற்றுத் தண்ணீரிலிருந்து இப்படியொரு உயிரைப் பிடித்து வந்து, அதைப் பொன்னிலும் கல்லிலும் செய்து, இளவரசியின் மார்பில் தொங்கவிட்ட மனசுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

எல்லாம் சேர்ந்து ஒரே வாக்கியம்: உதயசூரியன் இந்த மன்னனுக்கு உயிரையும், பதினொரு லட்சம் ஆண்டு ஆட்சியையும் அருள்கிறான். அணிந்தவளின் பெயர் எங்குமே இல்லை. அரசகுலப் பெண் பூணும் நகையின் சக்தி அரசனைத் தாங்கி நிறுத்தும் என்பது அவர்கள் நம்பிக்கை. கழுத்து மகளுடையது, பலன் அப்பாவுக்கு.

பதக்கத்தைத் திருப்பினால் பின்புறத்தில் கல்லே கிடையாது. அதே உருவங்கள் வெறும் பொன்னில், இறகு இறகாக, மயிரிழைக் கோடுகளாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. உடம்போடு ஒட்டியிருந்து, பிறர் கண்ணில் படவே படாத பக்கம். முன்புறத்தில் நிறங்கள் போடும் ஆரவாரம் இங்கே கிடையாது. எனக்குப் பிடித்தது இந்தப் பக்கந்தான்.

அவளுக்கே உரியதாக ஏதாவது உண்டா என்றால், இடுப்பில் தேட வேண்டும். அங்கே அவள் அணிந்தது பொன் சோழிகள் கோத்த மேகலை. சோழியின் வடிவம் பெண்மைக்கும் தாய்மைக்கும் காவல் என்று நம்பினார்கள். ஒவ்வொரு சோழியும் உள்ளீடற்றது. நம் சிலம்பின் பரல்போல அதற்குள் சிறிய உலோக மணிகள். அவள் நடந்தால் சலசலக்கும். கொக்கி எங்கே என்று தேடினால் கிடைக்காது. ஒரு சோழியையே நெடுக்காக இரண்டாகப் பிளந்து, ஒன்றோடொன்று வழுக்கிப் பூட்டும்படி செய்திருக்கிறார்கள்.

1914-இல் லாஹூனில் அகழாய்வாளர் ஃபிளிண்டர்ஸ் பெட்ரியின் குழு இவளுடைய கல்லறையைத் திறந்தபோது, கொள்ளையர் எப்போதோ வந்து போயிருந்தனர். சுவர்க்குழியில் இருந்த நகைப்பெட்டிகளை மட்டும் விட்டுவிட்டார்கள். வெள்ளச் சேறு புகுந்து, மரம் மக்கி, மணிகள் சிதறிக் கிடந்தன. தொட்டால் கலைந்துவிடும் என்று, குழுவைச் சேர்ந்த கை ப்ரன்டன் கல்லறைக்குள்ளேயே இரவுகளைக் கழித்து, சேற்றிலிருந்து ஒவ்வொரு மணியாகப் பிரித்தெடுத்தார். அங்கே கிடைத்தவற்றில் கிரீடமும் முகம் பார்க்கும் கண்ணாடியும் கெய்ரோவில் தங்கின. பதக்கமும் மேகலையும் 1916-இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்கு விலைக்குப் போயின.