திடலும் தந்தையும்

காற்பந்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஆட்டக்காரரையே போற்றுவர். நிக் ஹார்ன்பி 1992இல் வெளியிட்ட 'ஃபீவர் பிட்ச்' என்னும் தன்வரலாறோ ரசிகனின் கதை. பெற்றோர் பிரிந்த காலத்தில், 1968இல், 11 வயதுச் சிறுவனைத் தந்தை லண்டனில் ஆர்சனல் குழுவின் ஆட்டத்திற்கு அழைத்துச் செல்கிறார். பேச்சற்றுப் போன இருவருக்கும் அத்திடலே பேச்சைத் தந்தது. நூலின் உயிர்நிலை இதுதான்.

இயல்கள் ஆட்டங்களையே தலைப்பாகக் கொண்டவை. காதலும் வேலையும் இடையே வந்து போகின்றன. இது சிலவிடங்களில் சலிப்பூட்டுகிறது. ஆயின் அச்சலிப்பும் அப்பற்றின் இயல்பே அன்றோ!

1989 மே மாதம் ஆன்ஃபீல்டு திடலில், இறுதிக் கணங்களில் மைக்கேல் தாமஸ் அடித்த கோல், 18 ஆண்டுக் காத்திருப்புக்குப் பின் ஆர்சனலுக்கு லீக் வெற்றியைத் தந்தது. அக்களிப்பை எழுதிய கை, ஆறு வாரங்களுக்கு முன் ஹில்ஸ்பரோ நெரிசலில் மாண்டோரையும் எழுதுகிறது. அதன் பின்னும் தாம் ஆட்டங் காணச் சென்றதை ஆசிரியர் ஒளிக்கவில்லை.