காலைப் பார்த்து அடிப்பவர்கள்

சபாவில் ஒருவர் ராகத்தை விரித்தால் அதை மனோதர்மம் என்கிறோம். கோயில் கொடையில் நையாண்டி மேளக்காரர் அதையே செய்தால், "பரம்பரையா வாசிக்கிறாங்க" என்று முடித்துவிடுகிறோம். நானும் அப்படிச் சொன்னவன்தான். என்னவோ அவர்கள் வெறும் தபால்காரர்கள் மாதிரி.

திருநெல்வேலிப் பக்கம் ஒரு கொடையில் இரண்டு இரவும் மேளத்தை போனில் பதிவு செய்தேன். ஊர் திரும்பி, இரண்டையும் ஹெட்போனில் மாறி மாறிக் கேட்டேன். கோடிங் புத்தி, எது மூலம், எங்கே மாறியது என்று தேடினேன். அதே மெட்டு, அதே குழு. ஆனால் எங்குமே ஒட்டவில்லை.

இரண்டாம் இரவு, கரகம் வைத்த பெண் பின்னால் வளைந்து, தரையில் கிடந்த ரூபாய் நோட்டை இமையால் எடுக்கப் போனார். முதல் தடவை சிக்கவில்லை. தவில் அதே நாலு சொல்லையே திரும்பத் திரும்ப உருட்டிக்கொண்டு நின்றது. ஒரு நாதஸ்வரம் மெட்டை விட்டுவிட்டு ஒற்றை ஸ்வரத்தில் மூச்சைப் பிடித்தது. பம்பை இடைவெளிகளை நிரப்பியது. அவர் நிமிர்ந்த நொடியில் எல்லோரும் சேர்ந்து தீர்மானம் வைத்தார்கள். யாரும் யாருக்கும் சைகை காட்டவில்லை.

மூத்த தவில்காரரிடம் எந்த நாள் வாசிப்பு சரி என்று கேட்டிருந்தேன். "ரெண்டு நாளும் அந்தப் புள்ள ஒண்ணுபோலயா ஆடுச்சு தம்பி?" என்றார்.

என் தலைமுறைக்குக் கரகாட்டம் என்றால் 1989இல் வந்த 'கரகாட்டக்காரன்'. இளையராஜாவின் அந்தப் பாடல்களை இன்றும் விடாமல் கேட்கிறேன். ஆனால் சினிமாவில் பாட்டு முதலில் பதிவாகிவிடும். ஆடுபவர் அதற்குள் பொருந்த வேண்டும். கொடையில் நேர் எதிர். மேளம்தான் காலைப் பார்க்கிறது. நம் காது முதல் வகையில் பழகியதால், மாறாமல் இருப்பதையே மரபு என்று நினைத்துக்கொண்டோம். இப்போது நகர மேடையில் பத்து நிமிடம் ஒதுக்கி, ஒத்திகை பார்த்ததையே வாசிக்கச் சொல்கிறோம். அது பாதுகாப்பு இல்லை. அவர்களிடமிருந்து யோசிக்கிற உரிமையைப் பிடுங்குவது.

அதற்காக யாரும் எதையும் அடிக்கலாம் என்றில்லை. அன்று இளைய தவில்காரர் விசில் சத்தத்தில் உற்சாகமாகி நாதஸ்வரத்தையே மூழ்கடித்தார். மூத்தவர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். பதிவில் இரண்டு சுற்றுக்குள் அந்தத் தவில் இறங்குவது கேட்கிறது. நாதஸ்வரம் மறுபடி மேலே வருகிறது.